யாரும் கூப்பிடாத இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். இன்று ஒரு சொந்தப் பிரச்சினைக்காக எழுதுகிறேன்.

சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். கல்யாணமாகி தேவிபட்டினம் வந்த பிறகும் அவர்கள் என்னை விடவில்லை. நான்கு வருடமாக வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குகள் பார்த்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரை தலைநிமிர நேரம் இருக்காது.

என் மேசை ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். மாமியார் தங்கமானவர், ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால், "நீ உக்காந்துதானே இருக்க, பால் பொங்குதான்னு பாத்துக்க" என்பார். சிலிண்டர்காரர் வந்தாலும் மீன்காரம்மா வந்தாலும் நான்தான் எழுந்து போக வேண்டும். போன மாதம் ஒரு தொகையில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அலுவலகத்தில் திட்டு வாங்கினேன்.

சென்னைத் தோழிகளோ, "கடல்காத்துல உக்காந்து வேலை பாக்குற, உனக்கென்ன" என்கிறார்கள். ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போயும் பார்த்தேன். வெயிலில் திரையே தெரியவில்லை.

ராமநாதபுரத்தில் சின்னதாக ஓர் அறை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பஸ்ஸில் அரை மணி நேரம்தான். கணவர் சரி என்கிறார். வீடு இருக்கும்போது எதற்கு வாடகை என்று மற்றவர்கள் கேட்பார்கள். நீங்கள் எங்கே உட்கார்ந்து எழுதுகிறீர்கள்? கடல் தெரியும் இடமா?

தேவிபட்டினம் வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த ஒரு பூஜ்யம் மனதை விட்டுப் போகவில்லை. நான்கு வருடம் பிசகாமல் வேலை செய்த ஒருத்தி ஒரு பூஜ்யத்தை விடுகிறாள் என்றால், அந்த நேரத்தில் யாரோ அவளை எங்கேயோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

கடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் முதல் தொகுப்பு வந்த சமயத்தில், தெரிந்தவர் ஒருவர் ஓலைக்குடாவில் கடலைப் பார்த்த வீட்டின் சாவியை என்னிடம் கொடுத்துப் பத்து நாள் இருந்து எழுதச் சொன்னார். நான்கு பக்கம் எழுதினேன். கடலோரத்தில் பிறந்தவளுக்குக் கடல் என்பது ஜன்னல் வழியே தெரியும் காட்சி இல்லை. காற்று மாறினால் யார் வீட்டுப் படகு இன்னும் வரவில்லை என்று நினைப்பு போகும். கச்சான் அடித்தால் ஒரு கவலை, வாடை அடித்தால் வேறு கவலை. அப்புறம் அந்த உப்பு. மேசை, தாள், விரல் எல்லாம் பிசுபிசுப்பு. உங்கள் ஊரிலோ விடிந்தால் கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவகிரகங்களைக் கும்பிட வரும் கூட்டம் வேறு. கடற்கரையில் வேலை ஓடவில்லையே என்று நீங்கள் வருத்தப்படத் தேவையே இல்லை. கரை வேறு சிலருடைய வேலையிடம்.

அந்த வேறு சிலரில் ஒருவர் என் அப்பா. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு பாம்பனில் வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குக் கடலுக்குப் போவதைவிட வலை வேலைதான் கைவந்தது. கிழிந்த வலைகளை மற்றவர்கள் கொண்டுவந்து போடுவார்கள். கரையில் ஒரு பூவரச மரம். அதன் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை ஓட்டிக்கொண்டே இருப்பார். சுற்றிலும் இன்னும் நாலைந்து பேர், அவரவர் வலையோடு. சத்தத்துக்குக் குறைவில்லை. ரேடியோ பாடும், ஏலம் நடக்கும், பக்கத்திலேயே சண்டையும் நடக்கும். அப்பாவின் கை நிற்காது.

மழைக்காலத்தில் வலையை வீட்டுக்குத் தூக்கி வருவார். திண்ணைத் தூணில் கட்டிவைத்து உட்காருவார். அதே வலை, அதே ஊசி, அதே கை. கரையில் ஒரு நாளில் முடிகிற கிழிசல் வீட்டில் மூன்று நாள் இழுக்கும். அரிசி வாங்கி வர, கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்க்க, அழும் தம்பியைத் தூக்க, வந்த உறவுக்காரரோடு பேச என்று அவரை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். "வீட்டுல வச்சு வலை எடுத்தா வீட்டு வேலைதான் நடக்கும்" என்பார் அப்பா. கோபமாகச் சொன்னதில்லை. மழை எப்போது விடும் என்று பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

நான் கொஞ்சம் பெரியவளானதும் பள்ளிக்கூடத்துப் பாடங்களை அந்தப் பூவரச மரத்தடிக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். வீட்டில் இருந்தால் குடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மரத்தடியில் இருந்தால், "அவ அப்பாகூட இருக்கா" என்று விட்டுவிடுவார்கள். இத்தனை கூச்சலுக்கு நடுவில் எப்படிப் படித்தாய் என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கூச்சலில் என் பெயர் இல்லை. அது போதுமாக இருந்தது.

உங்கள் சிக்கல் சத்தமோ டிவியோ இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். அந்த ஹாலில் இருக்கும் யாருக்கும் உங்கள் மேசை ஒரு வேலையிடமாகத் தெரியவில்லை. உங்கள் மாமியார் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். உங்கள் கணவர் அலுவலகத்தில் இருக்கும்போது, பால் பொங்குகிறதா பார் என்று அவருக்கு மாமியார் போன் செய்து கேட்க மாட்டார் இல்லையா? உங்களிடம் கேட்கிறார். நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள் என்பது அவர் கண்ணுக்குப் படவே இல்லை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வு உண்டு. ஷாங்காயில் சிட்ரிப் என்ற பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் அழைப்பு மையத்தில், 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய குழுவும் 2015இல் அதை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதில் சேர்வதற்கு ஒரு நிபந்தனை இருந்ததை யாரும் சொல்வதில்லை. வேலை பார்க்க வீட்டில் தனக்கென்று ஓர் அறை இருப்பவர்களை மட்டுமே சேர்த்தார்கள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தால் உங்களை எடுத்திருக்கவே மாட்டார்கள், தங்கச்சி. இன்னொன்றும் உண்டு. சோதனை முடிந்து, வீடா அலுவலகமா என்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். அப்படி அவரவருக்குப் பொருந்தும் இடத்துக்குப் போன பிறகு 13 என்பது 22 சதவீதம் ஆனது.

எனக்கு ஷாங்காயைவிட நன்றாகத் தெரிந்தது சின்னப்பாலம். பாம்பன் பக்கத்தில், கடல்பாசி எடுக்கும் பெண்களின் ஊர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைப் பறிப்பார்கள். உடம்பை உருக்கும் வேலை, அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களிடம் நான் கவனித்தது வேறொன்று. ஒருத்தியாக யாரும் போவதில்லை. வத்தை என்கிற சிறு படகில் கூட்டமாகப் போவார்கள், கூட்டமாகத் திரும்புவார்கள். மாதத்தில் எந்த நாட்களில் போவது, எப்போது போகக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். பாறையைச் சேதப்படுத்தும் இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே பறிப்பது என்பதும் அவர்களே எடுத்த முடிவு. தண்ணீரில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் ரேஷன் கடைக்குப் போகச் சொல்லி அவர்களை யாராலும் கூப்பிட முடியாது.

அந்த இடத்துக்காக அவர்கள் போராடவும் வேண்டியிருந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தலைமுறையாகப் போய்வந்த பாறைகள் தடைசெய்யப்பட்ட இடமாகிவிட்டன. இது எங்கள் வேலையிடம் என்று அந்தப் பெண்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருதை 2015இல் பெற்றபோதுதான் வெளியே பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரிந்தது. கடலுக்குள் முங்குகிறவர்களே தங்கள் வேலையிடத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேசையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் சொல்லாமல் யாருக்குத் தெரியும்?

சரி, என்ன செய்யலாம்? ராமநாதபுரம் அறையை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள் என்பேன். ஊர் கேட்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, கேட்டால் கேட்கட்டும். ஆளில்லாத அறையில் தனியாக உட்கார்ந்தால் முதல் வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் நேரம் நகராது. ஓலைக்குடாவில் எனக்கு அதுதான் நடந்தது. வாடகை கொடுப்பதாக இருந்தால் வேலை செய்யும் மனிதர்கள் இருக்கும் இடத்துக்குக் கொடுங்கள். அதற்கு முன்னால் கிளை நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

வீட்டிலும் ஒரு தடவை முயன்று பாருங்கள். 10 முதல் 20 வரை, அந்தப் பத்து நாளுக்கு மட்டும் கேளுங்கள். மாதம் முழுக்கக் கேட்டால் பெரிய பேச்சாகிவிடும். மேசையை ஹாலிலிருந்து எடுத்துவிடுங்கள். மாடியோ பின்கட்டோ, கதவு இருந்தால் போதும். காலையில் குளித்து, வெளியே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நைட்டியில் இருக்கும் மருமகளைக் கூப்பிடுகிற வாய், வெளியே கிளம்புவது போல் சேலை கட்டியவளைக் கூப்பிடத் தயங்கும். நான் ஆசிரியையாக இருந்தபோது விடைத்தாள் திருத்தும் நாட்களில் வீட்டிலேயே இப்படித்தான் உட்காருவேன்.

கணவர் சரி என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சரி போதாது. தன் அம்மாவிடம் அவர்தான் பேச வேண்டும். "இந்தப் பத்து நாள் ரெண்டு மணி வரைக்கும் அவ ஆபீஸ்ல இருக்கா" என்று அவர் வாயால் வர வேண்டும். நீங்கள் சொன்னால் மருமகள் குறை சொன்னதாகிவிடும்.

மாமியாரை ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்து வேலையைக் காட்டவும் செய்யுங்கள். வலையில் கிழிசல் இருந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், கணக்கில் இருக்கும் கிழிசல் தெரியாது. மாதக் கணக்கைத் தாக்கல் செய்ய ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. இதை அவரிடம் சொல்லுங்கள். ஒரு பூஜ்யத்தால் ஒரு கடைக்காரர் எவ்வளவு கட்ட நேரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். குடும்பத்தைக் கட்டிக் காத்த பெண்ணுக்கு வட்டி என்றால் என்னவென்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

என் அப்பா கடைசிக் காலத்தில் கொஞ்சம் நிம்மதியாக வேலை பார்த்தார். 2001இல் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. முதலில் 45 நாள், அதுதான் இப்போது ஏப்ரல் 15 முதல் 61 நாளாகியிருக்கிறது. அந்த நாட்களில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், கரை முழுக்க வலையும் பெயிண்டும் சுத்தியல் சத்தமும்தான். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஊசி கோக்கப் பேரன் வேண்டும். ஆனாலும் காலையில் எழுந்து மரத்தடிக்குப் போய்விடுவார். வீட்டில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து செய்யுங்கள் என்று நான் கெஞ்சியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கெஞ்சியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

நான் எங்கே எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். வேலையில் இருந்தவரை, பிள்ளைகள் போன பிறகு காவலாளி பூட்ட வரும்வரை காலி வகுப்பறையில். ஓய்வு பெற்ற பிறகு உச்சிப்புளியில் ஒரு தையல் கடையின் பின்னறையில். மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறேன். முன்னால் இரண்டு பெண்கள் மிஷினில் தைக்கிறார்கள். பள்ளி திறக்கும் சமயம் சீருடை, தீபாவளிக்கு முன்னால் ஜாக்கெட் என்று மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து கடல் தெரியாது. மிதி சத்தம் நின்றால் நானும் பேனாவை வைத்துவிடுவேன், டீ வந்திருக்கும். குடித்து முடித்ததும் யார் முதலில் மிதிக்கத் தொடங்குகிறார்களோ, அவர் பின்னாலேயே நானும் தொடங்குவேன். அவர்கள் என்னைக் கூப்பிட மாட்டார்கள், நானும் அவர்களைக் கூப்பிட மாட்டேன்.

அந்த அறையில் என் மேசைக்கு எதிரே இன்னொன்று போட இடம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குப் பிறகு ஒருநாள் உங்கள் கணக்குகளை எடுத்துக்கொண்டு வாருங்கள். வருவதற்கு முதல் நாள் ஒரு வரி எழுதிவிட்டால், மேசையைத் துடைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா