நாட் போடும் முன் வெளி முகவரியைப் பாருங்கள்: கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து: அண்ணா, 12 அறை விடுதிக்கு மைக்ரோடிக் ரவுட்டர் வாங்கினேன். பைபர் இணைப்பு, வெளி ஐபி முகவரி அடிக்கடி மாறும். மாஸ்கரேட் போடவா, எஸ்ஆர்சி-நாட் போடவா?

மாஸ்கரேட் போடுங்கள் தம்பி. இரண்டுமே நாட் (NAT) வகைதான்: உள்ளே இருக்கும் கருவிகளின் முகவரியை ரவுட்டர் வெளி முகவரியாக மாற்றி இணையத்துக்கு அனுப்பும். வெளியே போகும் போர்ட்டில் அந்த நேரம் என்ன முகவரி இருக்கிறதோ, அதையே மாஸ்கரேட் எடுத்துக்கொள்ளும். எஸ்ஆர்சி-நாட்டில் முகவரியை நாமே எழுதி வைக்க வேண்டும். மாறும் முகவரி உள்ள ஓர் இடத்தில் நான் அப்படி எழுதிவிட்டு வந்தேன். இரவு கரண்ட் போய் வந்ததும் வேறு முகவரி கிடைத்தது, எல்லோருக்கும் இணையம் நின்றது. பிழை என்னுடையதுதான்.

காசு கட்டி நிலையான முகவரி எடுத்திருந்தால் எஸ்ஆர்சி-நாட் நல்லது. லைன் விழுந்து எழும்போதெல்லாம் மாஸ்கரேட் பழைய இணைப்புப் பதிவுகளைத் துடைத்துவிடும். முகவரி மாறாத இடத்தில் அது வீண் வேலை.

கிண்ணியாவிலிருந்து: 4ஜி ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வர விடும் எண் வழி) திறந்துவிட்டேன். ஆனாலும் கடைக் கமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை.

ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, இணையம் தரும் நிறுவனமே மேலே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. அங்கே உங்களால் போர்ட் திறக்க முடியாது. பொது முகவரி தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பொது முகவரி உள்ள ஒரு சேர்வருக்குக் கடையிலிருந்து வயர்கார்ட் (பூட்டிய தனி இணைப்புப் போடும் விபிஎன்) போட்டு, அதன் வழியாகப் பாருங்கள். பொது முகவரி கிடைத்தாலும் நான் வயர்கார்ட்தான் போடுவேன். கமராவை நேரே இணையத்துக்குத் திறந்து வைப்பது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

உவர்மலையிலிருந்து: அலுவலகத்தில் சிஸ்கோ ரவுட்டர், 5 பொது முகவரி, 40 கணினி. டைனமிக் பூல் (இருக்கும் முகவரிகளைக் கேட்கும் கணினிக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பது) போதுமா சேர்?

போதாது. பூல் மட்டும் போட்டால் ஒரு நேரத்தில் 5 கணினிதான் வெளியே போகும், ஆறாவது காத்திருக்க வேண்டும். நாட் கட்டளையின் கடைசியில் ஓவர்லோட் என்ற சொல்லைச் சேருங்கள். அப்போது போர்ட் எண்ணை வைத்துப் பிரிப்பதால் 40 கணினிக்கும் ஒரே முகவரி தாராளம். மெயில் சேர்வர் இருந்தால் அதற்கு மட்டும் இன்னொரு முகவரியை ஸ்டாட்டிக் நாட்டாக, அதாவது மாறாமல் அதற்கே என்று, கட்டுங்கள். மிச்சம் கிடக்கட்டும்.

மூதூரிலிருந்து: மாடிக்கு இரண்டாவது ரவுட்டர் வைத்தேன். அதிலும் நாட் வேண்டுமா?

வேண்டாம் தங்கச்சி. அதன் டிஎச்சிபியை (தானாக முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்தி, முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாமல் மாற்றி, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லான் (LAN) போர்ட்டில் செருகுங்கள்.