நிலக்கரியை விட்டால் சுமை யார் தலையில்? பீடோங்கிலிருந்து ஒரு வயர்மேனின் பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "மலேசியா நிலக்கரியைக் கைவிடுவது, டீசல் மானியத்தை வெட்டுவது, கார்பன் வரி போடுவது எல்லாம் கடைசியில் ஏழைகள் தலையில்தானே விடியும்? நம்மைப் போன்ற சின்ன நாடு புகையைக் குறைத்து உலகத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது?"

நான் கெடாவில், பீடோங் பக்கம் இருக்கிறேன். வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். கொஞ்ச வருடங்களாகக் கூரைகளில் சோலார் தகடு பொருத்தவும் போகிறேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இந்தக் கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பலமுறை வந்திருக்கிறது.

இரண்டாம் பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். உலகப் புகையில் மலேசியாவின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை, உண்மை. ஆனால் தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்: நம் நாட்டில் ஆளுக்கு வருடத்தில் ஏறக்குறைய 8 டன் கரியமில வாயு. உலகச் சராசரி 5 டன்னுக்கும் கீழே. இந்தியாவில் 2 டன் அளவுதான். ராஜா ஊருக்குச் சொன்னாராம், இரவில் ஆளுக்கு ஒரு குடம் பால் கொண்டுவந்து குளத்தில் ஊற்றுங்கள் என்று. எல்லாரும் பால் ஊற்றும்போது நான் ஒருத்தன் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவனும் நினைத்தான். காலையில் குளம் முழுக்கத் தண்ணீர். ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்கும் நாடுகள் உலகத்தில் நூற்றுக்கு மேல் உண்டு.

இனி முதல் பாதி. சுமை ஏழைகள் தலையில் விடியுமா என்றால், இப்போதே விடிந்துகொண்டுதான் இருக்கிறது என்பேன்.

அம்மாவிடம் இதைக் கேட்டால் மழையிலிருந்துதான் ஆரம்பிப்பார். பால் மரத்தை விடியுமுன் வெட்ட வேண்டும். குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் அழுத்தம் இருக்கும், பால் ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் நின்றுவிடும். பட்டை நனைந்திருந்தால் உளியே வைக்கக் கூடாது. வைத்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் இன்னும் மோசம். பால் சேரும் கிண்ணமான மங்கில் தண்ணீர் ஏறி, வெள்ளையாக நுரைத்து, வேரடி மண்ணில் கொட்டும். நான் பள்ளி விடுமுறையில் கூடப் போயிருக்கிறேன். மேகம் கறுத்ததும் அம்மா காண்டா வாளியோடு (தோளில் தடி போட்டுத் தூக்கும் பால் வாளி) நிரைக்கு நிரை ஓடி, பாதி நிறைந்த மங்குகளை அவசர அவசரமாக வழித்து ஊற்றியது கண்ணிலேயே நிற்கிறது. அன்றைக்கு எடை பாதிதான்.

"முன்னெல்லாம் மழைக்குன்னு மாசம் இருந்துச்சு தம்பி. இப்ப எந்த மாசம்னு சொல்ல முடியல" என்பார். அம்மாவின் ஞாபகத்தை மட்டும் வைத்து ஒரு விஞ்ஞானத்தை நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது பௌதிகம். அந்த ஈரம் இறங்கும்போது ஒரேயடியாக இறங்கும். எங்கள் ஜெராய் மலையில் 2021 ஆகஸ்ட் 18 அன்று இறங்கிய தண்ணீர் யான் பக்கம் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வருடம் ஜூலை 4, பாலிங் பக்கம் கூப்பாங்கில் அதே மாதிரி வெள்ளம். இரண்டுக்கும் நடுவில், 2021 டிசம்பரில், கிள்ளான், ஷா ஆலம் பக்கம் வந்த வெள்ளம். அந்தப் பருவத்து வெள்ளத்தின் சேதம் 610 கோடி வெள்ளி (ரிங்கிட்) என்று புள்ளிவிவரத் துறை கணக்குக் காட்டியது. அந்தத் தொகையை எந்த பில்லிலும் தனி வரியாகப் போட்டுக் காட்டுவதில்லை. மெத்தையை வெளியே தூக்கிப் போட்டவர்கள்தான் கட்டினார்கள்.

சரி, நிலக்கரி. நம் நாட்டு மின்சாரத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. காப்பார், மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின் என்று தீபகற்பக் கரையோரம் நிலையங்கள். இங்கே எரிக்கும் கரியில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருவது. கரி மலிவு என்பவர்கள் 2022-ஐ மறந்துவிடுகிறார்கள். உக்ரைன் போர் வந்ததும் சந்தை விலை டன்னுக்கு 400 அமெரிக்க டாலரைத் தாண்டியது. நம் வீட்டு பில் அப்படியே ஏறவில்லை, ஏனென்றால் அரசாங்கம் நூற்றுக்கணக்கான கோடி வெள்ளியைப் போட்டுத் தாங்கியது. அது யார் பணம்? பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் போயிருக்க வேண்டிய நம் பணம். புது நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை, 2035-க்குள் பாதியாகக் குறைப்பது, 2044-க்குள் முழுதாக விடுவது என்று அரசு சொல்லியிருக்கிறது. நான் அதை வரவேற்கிறேன். இன்னும் சீக்கிரமாக நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

டீசல் விஷயத்தில் எனக்கே வலித்தது. 2024 ஜூன் 10 அன்று 2 வெள்ளி 15 சென்னாக இருந்தது 3 வெள்ளி 35 சென் ஆனது. என் வேனுக்கு 60 லிட்டர் பிடிக்கும். முந்தின வாரம் 129 வெள்ளிக்கு நிரப்பிய டாங்கிக்கு அடுத்த வாரம் 201 வெள்ளி. வேன் அண்ணன் பெயரில் இருப்பதால், டீசல் வண்டிக்காரர்களுக்கு அப்போது கொடுத்த மாதம் 200 வெள்ளி உதவித்தொகையும் எனக்குக் கிடைக்கவில்லை. இருந்தும் அந்த முடிவைத் தவறு என்று சொல்ல வாய் வரவில்லை. லிட்டருக்கு மானியம் கொடுத்தால் அதிக லிட்டர் நிரப்புகிறவனுக்குத்தான் அதிக மானியம். அம்மாவின் பழைய மோட்டாருக்கு நாலு லிட்டர் பெட்ரோல் ஒரு வாரம் வரும். பெரிய நாலு சக்கர வண்டி வைத்திருப்பவர் ஒரே நிறுத்தத்தில் எண்பது லிட்டர் போடுவார். இத்தனை வருடமும் ஏழைகள் பெயரைச் சொல்லி யாருக்கு அதிகம் போனது என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 30 முதல் அடையாள அட்டையான மைகார்டைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென், மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்று வரம்பு வைத்ததில் எனக்குக் குறை இல்லை. வரம்பு என்ற ஒன்று வந்ததே பெரிய காரியம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். கூரையில்.

நான் தினம் ஏறி இறங்குவது கூரைகளில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2011-ல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. அந்தத் தொடக்கத்தில் சின்ன வீட்டு சோலாருக்கு யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 சென் என்ற விலையில், 21 வருடத்துக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பணம் வானத்திலிருந்து வரவில்லை. உங்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள், கேடபிள்யூடிபிபி என்று ஒரு வரி இருக்கும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போவது, 1.6 சதவீதம். மாதம் 300 யூனிட்டுக்கு மேல் போகிற வீடுகள் கட்டுவது. ஒரு ஏர்கோன், ஒரு பிரிட்ஜ், ஒரு துணி மெஷின் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பம் அந்த 300-ஐ லேசாகத் தாண்டிவிடும். அவர்கள் கட்டியதில், அன்றைக்குக் கையில் முழுப் பணம் இருந்தவர் கூரை சம்பாதித்தது. அந்தத் திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இங்கே வளர்ந்திருக்காது, எனக்கும் இந்த வேலை இல்லை. ஆனால் யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் 2016-ல் நெம் வந்தது, கூரை சோலார் மின்சாரத்தை பில்லில் கழித்துக்கொள்ளும் திட்டம். 2019-லிருந்து, கூரையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு யூனிட்டையும் நீங்கள் வாங்கும் யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்று கழித்தார்கள். கேட்க நியாயமாகத் தெரியும். பழைய கட்டணத்தை வைத்துப் பாருங்கள் (2025 ஜூலையில் அமைப்பு மாறிவிட்டது, நான் சொல்வது அதற்கு முன்னால்). முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென். 900-க்கு மேல் 57.1 சென். ஒரே நாளில் இரண்டு வீட்டுக்குப் போனேன். காலையில் சுங்கை பட்டாணியில் ஒரு பங்களா, மாதம் 1,400 யூனிட், ஐந்து ஏர்கோன். சோலார் அங்கே கழிக்கும் யூனிட் மேல்படியிலிருந்து கழியும், ஒவ்வொன்றுக்கும் 57.1 சென் மிச்சம். சாயங்காலம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்கா வீடு, மலிவு விலை வீடு, மாதம் 180 யூனிட். பில் நாற்பது வெள்ளிக்கும் கீழே. அதே தகடு, அதே வெயில், அவர் கூரையில் 21.8 சென்தான் மிச்சம் பிடிக்கும். தகடு போட இருபதாயிரம் வெள்ளி என்றதும் அக்கா சிரித்துவிட்டு எனக்குத் தேநீர் கலக்கப் போய்விட்டார். பொருத்தினால் அவர் ஆயுளில் போட்ட பணம் திரும்பாது. நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. தோட்டத்து லயம், அதாவது நிர்வாகம் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் வரிசை வீடு. அங்கே கூரை தொழிலாளிக்குச் சொந்தம் இல்லை. எங்கள் தோட்டத்தில் மீட்டரும் நிர்வாகத்தின் பெயரில்தான் இருந்தது. வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மாவும் அப்படித்தான் வந்தார். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்திருக்கிறீர்களா? வெளியே 35 டிகிரி என்று ரேடியோவில் சொல்லும்போது உள்ளே தலையணை சுடும். தண்ணீர் தெளித்த சாக்கைக் கூரைமேல் போட்டு அம்மா எங்களைப் படுக்க வைப்பார். நாட்டிலேயே குறைவாகப் புகை விட்ட வீடுகள் அவை. வெயிலை முழுதாக வாங்கியதும் அவைதான். பச்சைத் திட்டங்கள் வந்தபோது, கூரைச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அந்த வீடுகள் பட்டியலுக்கு வெளியே போயின.

இப்போது அம்மா வெட்டிய தோட்டத்தின் ஒரு பகுதி சோலார் வயல். பால் மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்க் கண்ணாடி வந்தது. ஒருநாள் முனியாண்டி கோயிலுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தகடுகள், நடுவில் புல் வெட்டும் இரண்டு பெண்கள், வாசலில் ஒரு காவலர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது எத்தனை நிரை இருக்கும்? இங்க எத்தனை பேரு பேர் குடுக்குறாங்க?" என்று கேட்டார். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, நூறு பேர் நின்ற இடம் அது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வயல் நல்லதுதான், அது ஓட ஓட எங்கோ அவ்வளவு கரி எரியாமல் இருக்கும். ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டபோது மக்களைக் கேட்கவில்லை, செம்பனைக்கு மாறியபோது கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. மூன்றாவது முறையாவது கேட்டிருக்கலாம்.

அரசியல்வாதிகள் சொல்லும் ஓர் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005-ஐ விட 2030-க்குள் 45 சதவீதம் குறைப்போம் என்று 2021-ல் மலேசியா வாக்குக் கொடுத்தது. பலர் அதை மொத்தப் புகையில் 45 சதவீதம் என்று நினைக்கிறார்கள். இல்லை. பொருளாதாரம் உண்டாக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் எவ்வளவு புகை என்ற கணக்கு அது. கல்யாணச் சமையலில் ஓர் இலைக்கு ஆகும் விறகைப் பாதியாகக் குறைத்தேன் என்று சமையற்காரர் சொல்லலாம். இலை மூன்று மடங்கானால் மொத்த விறகு கூடித்தான் போயிருக்கும். கார்பன் வரியைப் பொறுத்தவரை, 2025 பட்ஜெட்டில் அறிவித்தது இரும்பு, எஃகு, எரிசக்தித் தொழில்களுக்கு. உங்கள் மோட்டாருக்கோ அடுப்புக்கோ அல்ல. அந்தத் தொழில்கள் விலையில் கொஞ்சம் நம்மிடம் தள்ளும், மறுக்கவில்லை. அதனால்தான் வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பதில் நாம் பிடிவாதமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் லயத்துக் கூரைகளுக்கும், மலிவு வீட்டு அடுக்ககங்களுக்கும், தமிழ்ப் பள்ளிகளுக்கும் போக வேண்டும். கெடாவில் ஒரு கிலோவாட் தகடு வருடத்துக்கு 1,300 யூனிட் சுமார் கொடுக்கும். தீபகற்பத்தில் இதைவிட நல்ல வெயில் அதிக இடங்களில் கிடையாது.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. உங்கள் கடைசி மூன்று மாத பில்லில் யூனிட் எவ்வளவு, அந்த 1.6 சதவீத வரி இருக்கிறதா, கூரை உங்களுடையதா வாடகையா, இந்த மூன்றை மட்டும் பின்னூட்டத்தில் போடுங்கள். கணக்கு எண் வேண்டாம். நான் இரவு வேலை முடிந்து வந்து பார்த்துச் சொல்கிறேன்.