"யாரிடமும் சொல்லவில்லை டாக்டர்": மலத்தில் ரத்தம் பற்றிச் சில கேள்விகள்

பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டுகிறேன். வயது 54. நாலு மாதமாக மலம் கழிக்கும்போது ரத்தம் சொட்டுகிறது, வலி இல்லை. வீட்டில் உடம்புச் சூடு என்கிறார்கள். நண்பர் ஒருவர், இது மூலநோய் என்று சொல்லி ஃபார்மசியில் மருந்து வாங்கித் தந்தார். அது போதுமா?

போதாது ஐயா. நண்பர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பில் சொட்டும் ரத்தத்துக்குப் பெரும்பாலும் உள்மூலம்தான் காரணம். மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது, தண்ணீர் குறைத்துக் குடிப்பது, வழியில் அடக்கி வைப்பது, அப்புறம் முக்குவது என்று லோரி வேலையில் மூலத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. ஆனால் மலக்குடலில் வளரும் புற்றுக்கட்டியும் இதே சிவப்பில் ரத்தம் விடும். அதுவும் ஆரம்பத்தில் வலிக்காது. மூலம் இருப்பவருக்கே கட்டியும் இருக்கலாம். உள்ளே பார்க்காமல், நிறத்தை மட்டும் வைத்து எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சூடு என்று இளநீரும் மோரும் குடிப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. மூலமானாலும் கட்டியானாலும் ரத்தம் விட்டு விட்டுத்தான் வரும். இளநீர் குடித்த வாரத்தில் அது தானாக நின்றிருந்தால், சூடு தணிந்துவிட்டது என்று வீடே நிம்மதியாகிவிடும். அப்படியே ஆறு மாதம் ஓடிவிடும். எனக்குப் பயமே அந்த ஆறு மாதத்தை நினைத்துத்தான்.

உங்கள் வயதுக்கு, இத்தனை நாள் ரத்தம் போனதற்கு, குடலைக் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவைப்படும். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். மலேசியக் குடிமக்களுக்குக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனையும் அங்கே உண்டு. ஆனால் அது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது. கண்ணாலேயே ரத்தத்தைப் பார்த்துவிட்ட நீங்கள் அதில் 'இல்லை' என்று வந்தாலும் நின்றுவிடக் கூடாது. எடை குறைந்ததா, மலம் போகும் பழக்கம் மாறியதா, பெற்றோர் அல்லது கூடப் பிறந்தவர்களுக்குக் குடல் புற்றுநோய் இருந்ததா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிறையிலிருந்து எழுதுகிறேன். வயது 29, பிரசவமாகி இரண்டு மாதம். கண்ணாடி கிழிப்பதுபோல வலி, கழுவும்போது கொஞ்சம் ரத்தம்.

இறுகிய மலம் ஆசனவாயின் ஓரத்தைக் கிழித்திருக்கும். ஆசனவாய் வெடிப்பு என்போம். பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைத்திருந்தால், டாக்டர் சொன்னார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி இரண்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா. மலம் கழித்தபின் வெதுவெதுப்பான நீரில் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மலம் இளக லாக்டுலோஸ் குடிக்கலாம், தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் அது ஆகும். பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறு வாரம் தாண்டியும் வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வீங்கி, விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் வந்தால் சீழ்க்கட்டியாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

இரவுச் சந்தையில் சிவப்பு டிராகன் பழம் வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் மலம் முழுக்கச் சிவப்பு!

பழத்தின் சாயம்தான். பீட்ரூட்டும் இப்படிச் செய்யும். பழத்தை நிறுத்தி இரண்டு மூன்று நாள் பாருங்கள், பிறகும் சிவப்பாக இருந்தால் வந்து காட்டுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார். நேற்றிலிருந்து மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, களைப்பாக இருக்கிறார். திங்கட்கிழமை கிளினிக் போகலாமா?

திங்கள் வரை காத்திருக்காதீர்கள். இதைப் படித்ததும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கறுத்து, பிசுபிசுத்து, நாற்றமடிக்கும் மலம் என்றால் பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அங்கே புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பது உண்மை, ஆனால் களைப்போடு இருக்கும் பெரியவரிடம் அந்த ஊகம் வேண்டாம். தலைசுற்றல், குளிர் வியர்வை, படபடப்பு இருந்தால் 999ஐ அழையுங்கள். சிவப்பு ரத்தம் நிற்காமல் கொட்டினாலும், கட்டி கட்டியாக வந்தாலும் இதேதான். டெங்கிக் காய்ச்சலில் மலம் கறுத்தாலோ ரத்தம் போனாலோ அதுவும் அவசரம்.

வயது 46. ஒரு வருடமாக ரத்தம் வருகிறது. விரல் வைத்துப் பார்ப்பார்கள் என்பதாலேயே போகவில்லை.

உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது அம்மா. இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள், மேலே துணி போர்த்தியிருக்கும். கையுறை போட்டு, வழவழப்பான ஜெல் தடவி விரலால் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. தேவைப்பட்டால் சின்னக் குழாய் ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். சங்கடமாக இருக்கும், பொதுவாக வலிக்காது. வலித்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள், தாதியையோ உங்கள் மகளையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் கேட்கலாம். இந்த வாரமே ஒரு நாள் குறித்துவிடுங்கள்.