மறைகுறியாக்கம் என்றால் என்ன? அது நம் அன்றாட வாழ்வில் எங்கே பயன்படுகிறது?

உரிய சாவி (செய்தியைத் திறக்க உதவும் ரகசியக் குறிப்பு) வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி ஒரு செய்தியை மாற்றி எழுதுவதே மறைகுறியாக்கம். திருநெல்வேலிப் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைகோத்து விரல்களாலேயே விலை பேசுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பேரம் நடப்பதை ஊரே பார்க்கும், தொகையை அந்த இருவர் மட்டுமே அறிவர்.

பண்டைய ரோமானியத் தலைவர் ஜூலியஸ் சீசர் தம் ரகசியச் செய்திகளில் ஒவ்வோர் எழுத்தையும் அகரவரிசையில் மூன்று இடம் தள்ளி எழுதினார். எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணியே இத்தகைய மறைப்பை உடைத்துவிடலாம் என்பதை 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி விளக்கினார்.

உண்மையான சிக்கல் சாவியைக் கொண்டு சேர்ப்பதில்தான் இருந்தது. பாளையங்கோட்டையிலுள்ள ஒருவரின் கைப்பேசியும் எங்கோ இருக்கும் வங்கிக் கணினியும் முன்பே சந்தித்துச் சாவியைப் பகிர்ந்துகொள்ள முடியாதல்லவா? 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு வழி காட்டினர். மறு ஆண்டு வந்த ஆர்எஸ்ஏ (RSA) என்ற மறைகுறியாக்க முறை, பெருக்குவது எளிது, காரணிகளைப் பிரிப்பது கடினம் என்ற உண்மையை நம்பி நிற்கிறது. 61ஐ 53ஆல் பெருக்கினால் 3233 என்று உடனே சொல்லிவிடலாம்; 3233ஐ மட்டும் தந்து அவ்விரு எண்களைக் கேட்டால் திணறுவோம். நடைமுறையில் அந்த எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டவை.

அல்வா வாங்கிவிட்டுக் கைப்பேசியில் பணம் செலுத்தும்போதும், வாட்ஸ்அப்பில் பேசும்போதும் மறைகுறியாக்கமே காவல் நிற்கிறது.

இணைய முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுக் குறி, செய்தி செல்லும் வழியில் பிறர் படிக்க முடியாது என்பதை மட்டுமே குறிக்கிறது. மோசடித் தளங்களும் அந்தப் பூட்டைப் பெறலாம் என்பதால், அதைத் தளத்தின் நாணயத்துக்கான சான்றாகக் கருதுவது தவறு.