'பவர் 4/5' என்றால் எண்பது வீதப் பலமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. பின்னேரமானால் கண்ணிமை விழுந்துவிடுகிறது, சோறு சப்பி முடிக்க ஏலாது என்கிறா. கிளினிக் கொப்பியில் 'மயஸ்தீனியா', 'பவர் 4/5' என்று எழுதியிருக்கிறார்கள். எண்பது வீதப் பலம் இருந்தால் குளிசை எதற்கு? பெலயீனத்துக்கு டொனிக் கொடுத்தால் போதாதா?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அது பரீட்சைப் புள்ளி இல்லை, படிநிலை. தசையில் அசைவே இல்லாவிட்டால் 0, இலேசான துடிப்பு மட்டும் என்றால் 1. படுக்கையோடு கையை நகர்த்தினால் 2, தூக்கினால் 3. தூக்கிய கையை நாங்கள் அமத்தும்போது ஓரளவு தாங்கினால் 4, முழுமையாகத் தாங்கினால் 5. 4 என்பதற்குள்ளேயே பெரிய வித்தியாசங்கள் அடங்கும். இரண்டாம் உலகப் போரில் நரம்பில் காயப்பட்டவர்களைச் சோதிக்கப் பிரித்தானியாவில் பயன்பட்ட அளவு இது. முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களைப் பராமரிக்கும் வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த இலக்கங்கள் பழக்கமானவை.

உங்கள் அம்மாவின் வருத்தத்தில் இந்த இலக்கம் நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் 5 இருக்கலாம். வேலை செய்யச் செய்ய இறங்கும், ஓய்வெடுத்தால் ஏறும். வருத்தத்தின் பெயரும் அதைத்தான் சொல்கிறது: கிரேக்கத்தில் 'மியோ' தசை, 'ஸ்தெனோஸ்' பலம், முன்னால் வரும் 'அ' இன்மை. காய்ச்சலுக்குப் பிறகு உடம்பெல்லாம் சோர்ந்து கிடப்பதை வெறும் 'அஸ்தீனியா' என்போம். அதற்குச் சாப்பாடும் ஓய்வும் போதும். இது வேறு. தசை அசைய, நரம்பு நுனியிலிருந்து வரும் அசிட்டைல்கோலீன் என்ற இரசாயனத்தைத் தசையிலுள்ள வாங்கிகள் ஏற்க வேண்டும்; கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பிறபொருளெதிரிகளே அந்த வாங்கிகளைத் தாக்குகின்றன. டொனிக்கால் அதைச் சரிசெய்ய முடியாது. பைரிடோஸ்டிக்மின் குளிசை அசிட்டைல்கோலீன் சீக்கிரம் சிதையாமல் வைத்திருக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் எடுக்கச் சொல்வது வழக்கம். சப்பவும் விழுங்கவும் பலம் வரும்.

கிளினிக்கில் "அம்மாவுக்குப் பெலயீனம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் சனத்துக்குக் களைப்பும் பெலயீனம், கால் உளைவும் பெலயீனம், மனச்சோர்வும் பெலயீனம். எந்த வேலை, எத்தனை மணிக்கு ஏலாமல் போகிறது என்று சொல்லுங்கள்: தலை வாரக் கை உயருதா, கிணற்றில் எத்தனையாவது வாளியில் கை தளருது, கதைக்கக் கதைக்கக் குரல் மூக்கால் வருதா. இதைக் கேட்டுத்தான் மருந்தின் அளவையும் நேரத்தையும் தீர்மானிக்கிறோம். பின்னேரம் இமை விழுந்திருக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

வேறு வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனாலும் இந்தக் கொப்பியைக் காட்டுங்கள். சிப்ரோபுளொக்சசின், அசித்ரோமைசின், புரோப்ரனலோல், மக்னீசியம் சேர்ந்த மருந்துகள் இந்த வருத்தத்தைக் கூட்டக்கூடும். பாமசியில் நீங்களாகக் கேட்டு வாங்கவே வேண்டாம். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தண்ணீர் புரையேறினால், படுக்கும்போது மூச்சு முட்டினால், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் போனால், அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்க வேண்டாம். இரவானாலும் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள், வருபவர்களிடம் 'மயஸ்தீனியா' என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள்.