பொருளாதார நெருக்கடி எல்லா வியாபாரத்தையும் ஒரேபோல் பாதிக்குமா?

இல்லை. எந்த நாணயத்தில் வாங்கி எந்த நாணயத்தில் விற்கிறீர்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. கொழும்பின் மொத்த வியாபாரச் சந்தையான புறக்கோட்டையில் பருப்பை இறக்குமதி செய்து விற்பவரால், பழைய விலைக்கு நூறு மூட்டை விற்ற பணத்தில் மறுபடி அறுபது மூட்டைகூட வாங்க முடியாது. கணக்கில் இலாபம் தெரியும், போட்ட முதல் கரைந்திருக்கும். இதுதான் மிகக் கொடுமையான அடி என்பேன். டொலரில் சம்பாதிக்கும் ஆடை ஏற்றுமதியாளருக்கு அதே சரிவு ஓரளவு கைகொடுக்கும்; துணியும் இறக்குமதி என்பதால் முழுப் பயன் கிடைக்காது.

அடுத்தது வட்டி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடனில் வேலை நடத்தும் கட்டட ஒப்பந்தக்காரருக்கு அது கழுத்தை நெரிக்கும். கைமுதலில் நடக்கும் சாப்பாட்டுக் கடைக்கு எரிவாயு விலையே பெரிய கவலை.