இழைப்புளி – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

புதிதாக ஓர் இரும்பு இழைப்புளி வாங்கினேன், நாலாம் நம்பர் அளவு. கண்ணாடியில் எமரித்தாள் ஒட்டி மூன்று நாளாக அடிப்பாகத்தைத் தேய்க்கிறேன். நடுவில் ஒரு பள்ளம் போகவே மாட்டேன் என்கிறது. தேக்கில் ஓட்டினால் சிராய் பெயர்கிறது. கிரானைட் பலகை வாங்கித் தேய்க்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிரானைட் வேண்டாம். அடிப்பாகத்தின் முன்முனை, வாயின் (அலகு வெளியே நீளும் துளையின்) முன்விளிம்பு, பின்முனை மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். வேறெங்காவது பள்ளம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். தேய்க்கும்போது அலகைக் கழற்றி வைத்துவிட்டீர்களா? கூடாது. அலகை உள்ளே இழுத்து, அதை அழுத்திப் பிடிக்கும் மூடியை வழக்கம்போல் இறுக்கிக்கொண்டு தேய்க்க வேண்டும். இறுக்கினால் வார்ப்பிரும்பும் கொஞ்சம் வளையும்.

சரி, அலகை எவ்வளவு நேரம் தீட்டினீர்கள்? கடிதத்தில் ஒரு வரி இல்லை. கோபம்தான் வந்தது. கருவியில் குறையில்லை ஐயா. 1869-ல் ஸ்டான்லி என்ற கருவிக் கம்பெனி, இதை வடிவமைத்த பெய்லியிடம் வாங்கிய அமைப்பு, இன்னும் பெரிதாக மாறவில்லை. ஆனால் கடை அலகு சாணை பிடித்து வரும், தீட்டி வராது.

போன வாரம் ஊரில் எங்கள் வீட்டுப் பழைய நிலைவாசலைத் தடவிப் பார்த்தேன். அதைச் செய்த தச்சர் காலையில் வந்ததும் கல்லில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்துவிடுவார். "கூலிக்கு வந்த ஆளு கல்லைத்தான் தேய்க்குது" என்பாள் அப்பத்தா. "தேக்கு மண்ணைத் தின்ன மரம் ஆத்தா, இரும்பைத் தின்னும்" என்பார் அவர். தேக்கில் சிலிகா உண்டு என்று நான் படித்தது வெகுகாலம் கழித்து.

அலகின் சரிவைத் தீட்டிவிட்டுப் பின்பக்கம் கட்டைவிரலால் தடவுவார். பிசிர் தட்டினால்தான் புரட்டுவார். பிறகு பின்பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து நாலு இழுப்பு. படுக்கவைத்து! அந்த முகம் தட்டையாக இருந்தால்தான் மேல்தகடு, அதாவது அலகோடு சேர்த்து முடுக்கும் தகடு, இடுக்கில்லாமல் உட்காரும். இடுக்கு இருந்தால் சீவல் நுழைந்து அடைக்கும். நீங்கள் தட்டையாக்க வேண்டியது அதை, அதிலும் நுனியை ஒட்டி ஓர் அங்குலம்தான். அப்புறம் மேல்தகட்டை நுனிக்கு அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள், சிராய் அடங்கும். அடங்காவிட்டால் பலகையை முனை மாற்றிப் போட்டு எதிர்த்திசையில் இழையுங்கள்.

அவர் இழைத்த சீவலை அப்பத்தாதான் அடுப்புக்கு அள்ளிப் போவாள். "காயிதம் மாதிரி இருக்கு, ஒரு நொடி நின்னு எரிய மாட்டேங்குது" என்று அதற்கும் ஒரு திட்டு.

உங்களிடம் தீட்டுக்கல் இருக்கிறதா? அதையாவது எழுதியிருக்கலாம்.